செப்பேட்டில் இல்லாத மெட்டு

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டு வழியாகப் போகிறது. புரட்டாசி பிறந்துவிட்டால் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்டிகள் அந்தச் சாலையில் வரிசை கட்டும். ஒரு வேனில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய அன்னமய்யா கீர்த்தனை ஒலிக்கும். அது முடிந்த கையோடு இளையராஜாவின் பாட்டு ஒன்று வரும். அதன் பின்னால் கீரவாணி. வண்டியில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை உறுத்துவதில்லை. உறுத்துவதெல்லாம் இசையைப் பற்றி வாதாடுகிறவர்களுக்குத்தான். தியாகராஜரையும் அன்னமய்யாவையும் ஒருபுறம் நிறுத்தி, சினிமா, பாப், ராக் பாட்டுக்காரர்களை மறுபுறம் நிறுத்தி, யார் பெரியவர் என்று கேட்கிறோம். ஒரு தரப்பு ஆழம் என்கிறது, பக்தி என்கிறது, இலக்கணம் என்கிறது. மறுதரப்பு மக்களின் பாட்டு என்கிறது, புதுமை என்கிறது. இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகின்றன: ஒரு பாட்டில் எந்தப் பகுதியை யார் செய்தார்?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே மிகத் தெளிவான சான்று அந்தச் சாலை போய்ச்சேரும் மலையின் மேல் இருக்கிறது.

அன்னமய்யா என்று வழங்கும் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408இல் பிறந்தார், 1503இல் மறைந்தார். தாள்ளபாக்கம் கடப்பைப் பக்கம் ராஜம்பேட்டையை ஒட்டிய ஊர். பதினாறாம் வயதில், 1424இல், இறைவன் காட்சி தந்ததாகவும், அன்றிலிருந்து மறையும் வரை நாளுக்கு ஒரு பாட்டுக்குக் குறையாமல் இயற்றியதாகவும் செப்பேட்டு வாசகம் சொல்கிறது. மொத்தம் 32,000 பாடல்கள் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறக்குறைய 14,000. அவருடைய மகன் பெத்த திருமலாச்சாரியார், விஜயநகரப் பேரரசன் அச்யுத தேவராயரின் காலத்தில், தந்தையின் பாடல்களைச் செப்புத் தகடுகளில் வெட்டச் செய்தார். மகனும் பேரனும் இயற்றியவையும் அவற்றோடு சேர்ந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள். திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறிய கல் அறையில் அவை அடுக்கி வைக்கப்பட்டன. அந்த அறைக்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர்.

பிறகு அவை ஏறக்குறைய மறக்கப்பட்டன. 1816இல் தெலுங்கு இலக்கணம் எழுதிய ஏ.டி. கேம்ப்பெல் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு அந்தத் தகடுகளைப் பற்றித் தகவல் எட்டியது. அவற்றில் பழைய இலக்கண நூல் ஒன்று இருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். படியெடுத்துப் பார்த்தபோது இறைவனைப் பற்றிய பாடல்கள் மட்டுமே இருந்தன. அவர் ஆர்வம் அதோடு அடங்கிவிட்டது. அதற்கும் நூறாண்டு கழித்து, 1922இல், கோயில் நிர்வாகத்தின் கவனம் அந்த அறையின் பக்கம் திரும்பியது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் தகடுகளைப் படித்துப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கினார்கள். பேரன் சின்னண்ணா ஈரடிச் செய்யுளில் எழுதிய அன்னமய்யாவின் வரலாற்றைப் பிரபாகர சாஸ்திரி 1949இல் அச்சேற்றினார்.

தகடுகளில் என்ன இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பாட்டின் சொற்கள் முழுமையாக இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பில் ராகத்தின் பெயர் இருந்தது. சாமந்தம், ராமக்ரியா, பாடி, சாளங்கநாட்டை என்று, இன்று கச்சேரிகளில் அரிதாகவே கேட்கும் ராகங்கள் பலவும் அந்தப் பெயர்களில் அடங்கும். சுரக்குறிப்பு இல்லை. மெட்டு எப்படி ஏறியது, எங்கே இறங்கியது, பல்லவி எந்தச் சுரத்தில் நின்றது, தாளம் எங்கே விழுந்தது என்பதைத் தகடு சொல்லவில்லை. வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பகுதி, பாடுகிறவர்களின் தொடர்ச்சி அறுந்தபோது அவர்களோடு போய்விட்டது. ஏகாந்த சேவையின்போது தாள்ளபாக்கம் வம்சத்தார் தாலாட்டுப் பாடும் வழக்கம் கோயிலில் தொடர்கிறது. ஆனால் பதினான்காயிரம் பாட்டின் இசை ஒரு சேவைக்குள் அடங்காது.

அப்படியானால் இன்று நாம் கேட்கும் அன்னமய்யா கீர்த்தனைகளுக்கு மெட்டுப் போட்டது யார்? பெயர் தெரிந்த மனிதர்கள், அண்மைக் காலத்தவர்கள். மைசூரில் பேராசிரியராக இருந்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா ஓய்வுக்குப் பின் திருப்பதிக்கு வந்து நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி அமைத்தார். 1978இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு மெட்டு அமைத்து, ஊர் ஊராகப் போய்ப் பாடி, கேட்டுப் பாடும் எளிமையில் அவற்றைப் பரப்பினார். 1979, 80 வாக்கில் எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகள் வெளிவந்தபின் தமிழ் வீடுகளுக்கும் அன்னமய்யா வந்து சேர்ந்தார்.

ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'நானாடி பதுகு நாடகமு' என்ற கீர்த்தனைக்குச் செப்பேடு தரும் ராகம் முகாரி. நேதுநூரி அதற்கு மெட்டு அமைத்தது ரேவதியில். வாழ்க்கையின் நிலையாமையைச் சொல்லும் அந்தப் பாட்டுக்கு ரேவதியின் வெறுமை மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. வேறு ராகத்தில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாத அளவுக்கு. சொற்கள் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த மெட்டைத் தாங்கிய எம்.எஸ். இசைத்தட்டு வெளிவந்தது இளையராஜாவின் 'அன்னக்கிளி' படத்துக்கும் பிறகு. 'பழைய சாகித்யத்தின் ஆழம்' என்று நாம் கண் மூடி ரசிக்கும் அந்த இழைவில் பாதி இளையராஜாவின் தலைமுறைக்காலத்தில் உருவானது. மறுபுறம், 'பிரம்மம் ஒக்கடே' பாட்டுக்குத் தகட்டில் இருந்த பௌளி ராகமே இன்றும் வழங்குகிறது. ராகம் அதே, மெட்டு புதிது. ராகத்தின் பெயரைக் காப்பாற்றுவதும் மெட்டைக் காப்பாற்றுவதும் வேறு வேறு என்பதை இந்த இரண்டு பாட்டுகளும் காட்டுகின்றன. ஒரே ராகத்தில் நூறு மெட்டுப் போடலாம். எந்த ராகத்தில் என்று தெரிந்துவிட்டதால் பாட்டு கிடைத்துவிடாது.

இந்த நிலை அன்னமய்யாவுக்கு மட்டும் ஏற்பட்டதில்லை. ஆண்டாளின் திருப்பாவைக்கு இன்று கச்சேரிகளில் வழங்கும் ராகங்கள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இருபதாம் நூற்றாண்டில் அமைத்தவை. சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் பலவற்றுக்கு முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் மெட்டு அமைத்தார்கள். சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் ராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றியபோது, சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவருடைய மாணவர்கள் இருவர் அவற்றுக்கு இசை அமைத்தார்கள். பாட்டாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர்கள் வேறு இருவர். கோடம்பாக்கத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே அந்த வேலைப் பங்கீடு நம்மிடம் இருந்தது. அருணாசலக் கவிராயர் பெயர் நமக்குத் தெரியும். அந்த இரு மாணவர்களை இசை மாணவர்கள் தவிர வேறு யாரும் நினைப்பதில்லை.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு, எனக்கு இதுவே மிக வலுவானது. பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' கச்சேரிகளில் ராகமாலிகையாகப் பாடப்படுகிறது. சபாவில் துக்கடாப் பகுதியில் அதைக் கேட்கிற பலர் அதை மரபிசையின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ராகமாலிகை சி.ஆர். சுப்புராமன் 1951இல் வந்த 'மணமகள்' படத்துக்காக அமைத்தது. எம்.எல். வசந்தகுமாரி அதைப் படத்தில் பாடினார், பிறகு மேடையிலும் பாடினார். சினிமா இசையமைப்பாளர் ஒருவரின் மெட்டு, பெயர்ப்பலகையை வெளியே கழற்றிவைத்துவிட்டுச் சபாவுக்குள் நுழைந்தது. யாரும் தடுக்கவில்லை, அது அத்தனை நல்ல மெட்டு. சுப்புராமன் அடுத்த ஆண்டே, முப்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார்.

இதையெல்லாம் அடுக்கும்போது 'செவ்வியல் இசைமேதை எதிர் நவீனப் பாட்டுக்காரர்' என்ற எதிர்நிலை தளர்ந்துவிடுகிறது. காலத்தை ஒப்பிடுவதை விட்டுவிட்டு வேலையை ஒப்பிட வேண்டும். சொல் செய்பவரைச் சொல் செய்பவரோடும், மெட்டுச் செய்பவரை மெட்டுச் செய்பவரோடும், இரண்டையும் ஒருசேரச் செய்பவரை அப்படிப்பட்ட இன்னொருவரோடும்.

இந்த வகைப்பாடு நான் கண்டுபிடித்தது அன்று. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் பாட்டின் இசையைத் தாது என்றும் சொல்லை மாது என்றும் பிரித்து, இரண்டையும் தானே சிறப்பாகச் செய்பவரை உத்தம வாக்கேயக்காரர் என்கிறது. அழகான சொற்களை எழுதி, இசையில் மந்தமாக இருப்பவரைக் கடைசி வரிசையில் தள்ளுகிறது. பிறர் போட்ட மெட்டுக்குச் சொல் எழுதுபவருக்கும் அதில் தனி இடம் உண்டு. அவரைக் குட்டிகாரர் என்கிறது. மெட்டுக்குப் பாட்டு எழுதுவது சினிமா கொண்டுவந்த சீரழிவு என்று புலம்புகிறவர்கள் அந்தப் பகுதியைப் படித்துப் பார்க்கலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இலக்கணத்தில் பதிவாகியிருக்கிறது.

முத்துசுவாமி தீட்சிதர் மும்மூர்த்திகளில் ஒருவர். சென்னைப் பக்கம் அவர் கேட்ட ஆங்கிலேய பேண்டு வாத்தியக் குழுவின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுசுரங்கள் என்று வழங்கும் அவை ஏறக்குறைய நாற்பது. அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் அரச வணக்கப் பாட்டின் மெட்டிலேயே அமைந்தது. அதாவது தீட்சிதர், அந்த நாற்பது பாட்டளவில், கண்ணதாசனும் வாலியும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்த அதே வேலையைச் செய்திருக்கிறார். பால் மெக்கார்ட்னிக்கு 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு முதலில் வந்தது. சொல் கிடைக்கும் வரை முட்டைப் பொரியலைப் பற்றி ஏதோ ஒரு டம்மி வரியைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நம் இசையமைப்பாளர்கள் தத்தகாரம் சொல்லிக் கவிஞரிடம் மெட்டைத் தருவது போலத்தான் அது. அதற்கு நேர்மாறாக, ஐரோப்பிய மரபின் ஷூபெர்ட் கத்தே, முல்லர் போன்றவர்களின் கவிதைகளை எடுத்து இசை அமைத்தார்; 31 வயதில் இறப்பதற்குள் அறுநூறுக்கு மேல் செய்தார். ராள்ளபள்ளி அன்னமய்யாவுக்குச் செய்தது ஷூபெர்ட்டின் வேலை. பாட்டு எழுதிவந்தபின் மெட்டுப் போடுவதையே விரும்பிய கே.வி. மகாதேவன் செய்ததும் அதுதான்.

தியாகராஜர் வேறு வகை. சொல்லும் இசையும் அவரிடம் ஒரே நேரத்தில் பிறந்தன. சார்ங்கதேவரின் உத்தம வகைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அவருக்கு இன்னொரு பேறும் வாய்த்தது. மெட்டைத் தாங்கிக்கொள்ளச் சீடர்கள் இருந்தார்கள். தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீடர் வழிகள். இதில் வாலாஜாபேட்டை சித்தூருக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே இருந்த வேங்கடரமண பாகவதர் குருவின் பாடல்களை எழுதியும் வைத்தார். அன்னமய்யாவுக்குச் செம்பு கிடைத்தது, சீடர் தொடர்ச்சி நிலைக்கவில்லை. தியாகராஜருக்குச் செம்பு கிடைக்கவில்லை, சீடர்கள் நிலைத்தார்கள். அதனால் ஒருவரின் சொல் எழுத்துப் பிசகாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது; மற்றவரின் மெட்டு, பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் சற்றே மாறினாலும், உயிரோடு கிடைத்திருக்கிறது. அந்த மாற்றங்களும் சிறியவை அல்ல. இன்று நாம் கேட்கும் சங்கதிகளில் எத்தனை தியாகராஜருடையவை, எத்தனை பின்னால் பாடியவர்கள் சேர்த்தவை என்று பிரிப்பது எளிதன்று.

ராக் உலகில் தியாகராஜருக்கு அருகே நிற்கக்கூடிய வகை எது என்று கேட்டால் நான் பாப் டிலனைச் சொல்வேன். தரத்தை அல்ல, வேலையின் தன்மையைச் சொல்கிறேன். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர். மேடையில் தன் பழைய பாட்டுகளை மெட்டை மாற்றியே பாடுவார். எந்தப் பாட்டு என்று கேட்பவர்கள் கண்டுபிடிப்பதற்குள் முதல் சரணம் முடிந்துவிடும். வாய்மொழி மரபில் பல தலைமுறைகள் செய்யும் வேலையை அவர் தன் ஒரே வாழ்நாளில் தன் பாட்டுக்கே செய்துகொண்டிருக்கிறார். 2016இல் நோபல் குழு அவருக்கு இலக்கியப் பரிசு தந்தது, அதாவது மாதுவுக்கு. தாதுவுக்கு நோபல் இல்லை.

சித்தூர் என்ற ஊர்ப் பெயரைத் தாங்கிய இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சபாவுக்கும் சினிமாவுக்கும் இடையே உள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பது புரியும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர், லயத்தில் பெரிய கை, 1954இல் சங்கீத கலாநிதி. திருப்புகழை அதன் கடினமான தாளங்களோடு மேடையில் பாடிய வழி அது. அருணகிரிநாதரின் மெட்டும் நமக்கு எழுத்தில் வரவில்லை, சந்தம்தான் வந்தது. சித்தூர் வி. நாகையா நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1946இல் 'தியாகய்யா' படத்தை இயக்கி, நடித்து, பாடி, அதற்கு இசையும் அமைத்தார். சபாவுக்குள் ஒருநாளும் நுழைந்திராத கிராமத்துச் சனங்கள் தியாகராஜரின் கீர்த்தனைகளை அந்தப் படத்தின் வழியாகக் கேட்டார்கள். செவ்வியல் மரபைச் சினிமா அழித்தது என்று பேசும்போது நாகையாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறுப்பு ஒன்று வரும். 'வேலைப் பங்கீடு ஒன்றாக இருக்கலாம், நோக்கம் ஒன்றா? அன்னமய்யா கடவுளுக்குப் பாடினார், இவர்கள் தயாரிப்பாளருக்குப் பாடுகிறார்கள்.' இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அரசன் சாளுவ நரசிம்மன் தன்னைப் பற்றி ஒரு பாட்டுக் கேட்டபோது அன்னமய்யா மறுத்தார், விலங்கிடப்பட்டார் என்று சின்னண்ணாவின் வரலாறு சொல்கிறது. ஆயினும் தாள்ளபாக்கத்தார் புரவலர் இல்லாமல் வாழவில்லை. கோயிலும் அரசும் அவர்களைத் தாங்கின, இல்லாவிட்டால் அத்தனை செம்பு ஏது? அன்னமய்யாவின் பாடல்களும் தேவையை ஒட்டியே பிறந்தன. இறைவனைத் துயிலெழுப்ப ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று, தாலாட்டுக்கு ஒன்று, அலர்மேல்மங்கையின் ஊடலுக்கு ஒன்று, தோழி தூது போக ஒன்று. சினிமாக்காரர்கள் இதை 'சிச்சுவேஷன்' என்பார்கள். நாள்தோறும் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் இருவருக்கும் பொது. அகத்திணையின் சூழல்களைக் கொண்டு கடவுளைப் பாடிய நம்மாழ்வாரின் வழியில் வந்தவர் அன்னமய்யா. காதல் சூழல் என்பது அவருக்குத் தாழ்ந்த பொருள் ஆகவில்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே பொருளை எழுபத்தொன்பது ஆண்டு பாடினார் அன்னமய்யா. ஒரே தெய்வம், ஒரே மலை. அந்த நீண்ட திரும்பச் சொல்லலில் மொழி கடைந்தெடுக்கப்பட்டது. பேச்சுத் தெலுங்கும் சமஸ்கிருதமும், சமையல்கட்டுச் சொல்லும் வேதாந்தச் சொல்லும் ஒன்றையொன்று உரசி மெருகேறின. சினிமாப் பாட்டு எழுதுகிறவருக்குப் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் இல்லை. காலையில் ஒரு படத்தின் சோகம், மாலையில் இன்னொரு படத்தின் குத்துப்பாட்டு. அவர் திறமையில் குறைந்தவர் என்பதில்லை. ஒரே இடத்தில் தங்கித் தோண்ட அவருக்கு அனுமதி இல்லை. இந்த இழப்பு உண்மையானது. வேட்டூரி சுந்தரராம மூர்த்தி இதற்கு நல்ல சான்று. செப்பேடுகளைப் படித்த பிரபாகர சாஸ்திரியின் குடும்பத்தவர் அவர். 1980இல் 'சங்கராபரணம்' படத்துக்கு எழுதினார், அதே கையால் எத்தனையோ மசாலாப் பாட்டுகளும் எழுதினார். ஒரே குடும்பத்தில் ஒருவர் மறைந்துபோன பாட்டுகளை மீட்டெடுத்தார், ஒருவர் வாரத்துக்குப் பல பாட்டு எழுதும் தொழிலில் அதே மொழிச் செல்வத்தைச் செலவழித்தார். இரண்டாமவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெலுங்கு தெரிந்தவர்கள் 'சங்கராபரணம்' பாட்டுகளின் சொல்லடுக்கில் தாள்ளபாக்கத்துக் காற்றை உணர முடியும்.

இனி, ஒலி. கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனை என்பது எந்தக் குரலுக்கும் எந்த வாத்தியத்துக்கும் பொதுவான ஒன்று. எம்.எஸ். பாடினாலும், நாகஸ்வரத்தில் வாசித்தாலும், சித்தூர்ப் பக்கத்து பஜனைக் கோயிலில் ஆர்மோனியத்தோடு பாடினாலும் கீர்த்தனை அதேதான். பாப், ராக், சினிமாப் பாட்டில் பதிவே பாட்டு. எந்த கிடார், எந்த எதிரொலி, இடையிசையில் எந்த வயலின் என்பதெல்லாம் படைப்பின் உடல். இந்த வகையில் இளையராஜா தியாகராஜரைவிட ஐரோப்பிய மரபின் பாக்கிற்கு நெருக்கமானவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பவர். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜர், பாக் இருவருக்கும் அவர் காணிக்கையாக்கியதை வெறும் மரியாதை என்று நான் பார்ப்பதில்லை. ஒருவரிடமிருந்து மெட்டின் வளைவையும் மற்றவரிடமிருந்து குரல்களைப் பின்னும் முறையையும் எடுத்துக்கொண்ட ஒருவரின் கணக்கு அது. அதற்கு முந்தைய ஆண்டு 'சிந்து பைரவி'யில், காம்போதியில் வழங்கும் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையைச் சாரமதியில் அமைத்தார். அப்போது பலர் கோபப்பட்டார்கள். மரபு மெட்டு உயிரோடு இருக்கும் பாட்டில் கை வைத்தார் என்பதே கோபத்தின் காரணம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முகாரி ரேவதியானபோது யாரும் கோபப்படவில்லை, ஏனெனில் காப்பதற்கு அங்கே மெட்டே இல்லை.

எம்.எம். கீரவாணியைத் தமிழர்கள் மரகதமணி என்ற பெயரில் அறிவார்கள். 1997இல் வந்த 'அன்னமய்யா' படத்துக்கு இசை அமைத்ததற்காகத் தேசிய விருது பெற்றார். 2023 மார்ச்சில் 'நாட்டு நாட்டு' பாட்டுக்காக ஆஸ்கர் பெற்றார். ஒரு மனிதர், இரண்டு விருதுகள். முதல் படத்தில் அவர் முன்னால் இருந்தது பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டுச் சொல். இரண்டாவதில் சந்திரபோஸ் எழுதிய சொல். இந்த இரண்டில் எதில் அவர் 'செவ்வியல்', எதில் 'பாப்' என்று கேட்டால், பதில் சொல்லின் வயதைப் பொறுத்தே வருகிறது, அவருடைய வேலையைப் பொறுத்து வரவில்லை. ஆஸ்கர் மேடையில் சந்திரபோஸின் பெயரும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டைச் செய்த இருவருக்கும் சமமான சிலை.

நம் ஊரில் பெயர் சொல்லும் பழக்கம் அப்படி ஒழுங்காக இல்லை. தியாகராஜர் தன் பெயரையே முத்திரையாகப் பாட்டுக்குள் வைத்தார். அன்னமய்யா வேங்கடேசன் பெயரை வைத்தார். அவர்களுடைய சொல்லை யாரும் திருட முடியாது. இலங்கை வானொலி ஒருகாலத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லியது. அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பாட்டு என்பது கூட்டு வேலை என்று இயல்பாகவே தெரிந்திருந்தது. இப்போது பண்பலையில் நடிகர் பெயர் சொல்கிறார்கள். சபாவில் நிலைமை நேர்மாறான வகையில் மோசம். பாடகர் 'அன்னமாச்சாரியார் கிருதி, ராகம் ரேவதி' என்கிறார். நேதுநூரி பெயர் வருவதில்லை. சினிமாவில் மெட்டுக்காரர் பெயர் முன்னால் நிற்க, சொல்காரர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்; சபாவில் சொல்காரர் முன்னால் நிற்க, மெட்டுக்காரர் மறைந்துபோகிறார். இரண்டுமே பாதிப் பாட்டை அநாதையாக்குகின்றன. அன்னமய்யா பாட்டை அறிவிக்கும் ஒவ்வொருவரும் இசையமைத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது.

சட்டம் இந்த விஷயத்தில் சபாவைவிடத் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பு என்பதில் சொல்லைச் சேர்ப்பதில்லை. சொல் தனி, இசை தனி. 1994இல் வந்த திருத்தம், சுரக்குறிப்பு எழுதிவைத்தாலும் வைக்காவிட்டாலும் இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்று வரையறுத்தது. வாய்வழி மரபுள்ள நாட்டுக்கு அது மிகத் தேவையான வரி. 2012 திருத்தம், படத்துக்காக எழுதிய பாட்டில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள ராயல்டி பங்கை அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. அதற்கு முன், 1977இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, படத்துக்காக அமைத்த இசைக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான்.

இந்த அளவுகோலை அன்னமய்யா பாட்டின் மீது வைத்தால் என்ன ஆகும்? சொல்லுக்கு உரிமைக் காலம் எதுவும் இல்லை, அது எல்லோருடையது. மெட்டுக்கு, அமைத்தவர் மறைந்த ஆண்டை அடுத்துவரும் அறுபது ஆண்டுகள். ராள்ளபள்ளி 1979இல் மறைந்தார். அவர் அமைத்த மெட்டுகளுக்கு 2039 முடிய. கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் 2025 மார்ச்சில் திருப்பதியில் மறைந்தார். அவர் அமைத்தவற்றுக்கு 2085 முடிய. அந்த உரிமை அமைத்தவரின் வாரிசுகளுக்கா, அவரை வேலைக்கு வைத்திருந்த அமைப்புக்கா என்பது அவர்களுக்கிடையே இருந்த ஏற்பாட்டைப் பொறுத்தது. மெட்டு யாருடைய மனத்தில் பிறந்தது என்பது அந்த ஏற்பாட்டால் மாறாது.